பறிபோனது யாருடைய நாற்காலி?

2023 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றம் இரண்டு உறுப்பினர்களை வெளியேற்றியதைப் பற்றிப் பேச்செடுத்தால், "விதியை மீறினார்கள், அனுப்பினார்கள், இதில் நிறம் எங்கே வந்தது?" என்று கேட்க ஆள் இருக்கிறது. சரி, விதியை மீறியது உண்மைதான். நாஷ்வில் பள்ளியில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்ட அதே வாரம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்டு மூன்று உறுப்பினர்கள் அவை நடுவே போய் நின்றார்கள். மெகாபோனில் கோஷமும் போட்டார்கள். கண்டிக்கலாம், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களின் பதவியே போனது. கூட நின்ற வெள்ளையர் குளோரியா ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். அவர் கையில் மெகாபோன் இல்லை என்பார்கள். இருக்கட்டும்.

நிறம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இன்னொரு அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின மக்கள் வாக்களித்து, தங்கள் ஆட்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1868 செப்டம்பரில் வெள்ளை உறுப்பினர்கள் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள்: அரசமைப்பு இவர்களுக்கு வாக்குரிமைதான் தந்தது, பதவி வகிக்கும் உரிமையைத் தரவில்லையாம்! எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். பார்க்க வெள்ளையர் போலவே இருந்த நாலு கலப்பினத்தவரை மட்டும் விட்டுவிட்டார்கள். இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது? வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர் அந்த அவையிலேயே எழுந்து, உரிமைக்காக யாரிடமும் கெஞ்ச மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார். அமெரிக்கக் காங்கிரஸ் தலையிட்டு, 1870இல்தான் அவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1966 ஜனவரியில், அதே ஜார்ஜியா சட்டமன்றம் ஜூலியன் பாண்ட் என்ற கறுப்பின இளைஞருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்தது. வயது 25. தேர்தலில் ஜெயித்து வந்தவர். வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையை ஆதரித்தார், அதுதான் குற்றம். போரை எதிர்ப்பவன் அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உண்மையாக உறுதிமொழி எடுக்க முடியாதாம். 184க்கு 12 என்ற வாக்குக் கணக்கில் அவருக்கு இடமில்லை என்றார்கள்.

பாண்ட் நீதிமன்றம் போனார். அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். தலைவர் என்ற முறையில் இல்லை, அந்தத் தொகுதி வாக்காளர் என்ற முறையில். எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு உறுப்பினரைத் தூக்கினால் அவருக்கு வாக்களித்த தொகுதிக்கே அவையில் வாயில்லாமல் போகிறது. டென்னசியிலும் அதுதான் நடந்தது. இரண்டு பேரையும் ஒரு வாரத்துக்குள் உள்ளூர் மன்றங்கள் மறுபடி நியமித்து அதே சட்டமன்றத்துக்கு அனுப்பின, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மக்களும் ஜெயிக்கவைத்தார்கள். அப்படியானால் அந்த வெளியேற்றத்தில் ஒழுங்கு என்ன மிச்சமானது?

பாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: கொள்கை பற்றிப் பேச மக்கள் பிரதிநிதிக்குத் தாராளமான சுதந்திரம் வேண்டும், கருத்துக்காக இடத்தை மறுப்பது அரசமைப்புக்கு விரோதம். அப்புறம் பாண்ட் ஜார்ஜியாவின் இரண்டு அவைகளிலும் சேர்த்து 20 வருடம் உட்கார்ந்திருந்தார்.