வீடியோ பார்க்கிறதுக்கு ஒரு பட்டமா?

சனிக்கிழமை மண்டபத்தில், படிக்கும் பிள்ளைகளைப் பாராட்டிய விழாவில் என்ன நடந்தது என்று இங்கே சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குத் தெரியும், நேரலையிலும் போனது. எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் இன்று காலை பசியாறப் போன ஒட்டுக்கடையிலும் ஒருவர், "என்னம்மா, இன்னிக்கு எத்தனை வீடியோ பார்த்தே?" என்று கேட்டுச் சிரித்தார். அதனால் எழுதுகிறேன்.

மருத்துவம் படிக்கும் தம்பிக்கும் பொறியியல் முடித்த தங்கைக்கும் மாலை போட்டுப் பாராட்டிய அந்த ஐயா, என் முறை வந்ததும் தாளைப் பார்த்து, "இதழியல், அனைத்துலக உறவு, இணையக் காணொளி... இதெல்லாம் எப்படி ஒண்ணா வந்துச்சு? ஆக மொத்தம் யூடியூப் பார்த்தே முனைவர் ஆகப் போறாங்க" என்றார். மண்டபமே சிரித்தது. முதல் வரிசையில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயா, வீடியோ பார்ப்பது வேறு, வீடியோவை விசாரிப்பது வேறு. என் முனைவர் பட்ட ஆய்வில் நான் செய்வது விசாரிப்பது: ஒரு காணொளி எங்கே, எப்போது எடுத்தது, உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது.

சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17 யாருக்கும் மறந்திருக்காது. 2014 ஜூலை 17. இறந்தவர்கள் 298 பேர், அதில் 43 பேர் நம் மலேசியர்கள். கிழக்கு உக்ரைனில் அந்த விமானம் விழுந்த நேரத்தையொட்டி, அங்கே இருந்த சாதாரண மக்கள் எடுத்த சில நொடிக் காட்சிகள் இணையத்தில் வந்தன. லாரியில் ஏற்றிய, விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் புக் ஏவுகணை வண்டி ஒன்று ஊர் ஊராகப் போகிறது. மறுநாள் உக்ரைன் உள்துறை அமைச்சு வெளியிட்ட காட்சியில் அந்த வண்டியில் ஓர் ஏவுகணை குறைகிறது. அந்தக் காட்சி உக்ரைன் அரசின் கையில் இருந்த ஊரில் எடுத்தது என்றது ரஷ்யத் தற்காப்பு அமைச்சு. இணையக் காட்சிகளை வைத்துத் துப்புத் துலக்கும் பெல்லிங்கேட் குழுவினரும் அவர்களைப் போன்ற வேறு சிலரும் சாலையோர விளம்பரப் பலகை, தலைக்கு மேலே ஓடும் கம்பிகள், பின்னால் தெரியும் கட்டடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் பிடித்து வைத்திருந்த லுஹான்ஸ்க் நகரம் என்று காட்டினார்கள். 2022 நவம்பரில் ஹேக் நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, மக்கள் எடுத்த இந்த மாதிரிக் காட்சிகளும் சாட்சியமாக இருந்தன. 2025 மே மாதம் அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றம், ரஷ்யா தன் கடமையை மீறியது என்று முடிவு செய்தது. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எடுத்த காட்சி நாட்டுக்கு நாடு வழக்கு வரைக்கும் போயிருக்கிறது. இதழியலும் அனைத்துலக உறவும் காணொளியும் எப்படி ஒன்றாக வந்தது என்று கேட்டீர்களே, இப்படித்தான் வந்தது.

உக்ரைன் கதை சுங்கை சிப்புட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர் உலகச் செய்தியில் அடிபட்டது எப்போது? 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஆங்கிலேயர் ஆட்சி அவசரகாலம் அறிவித்தது. அந்த மூன்று பேரைப் பற்றி இன்றும் படிக்கலாம். அந்த நேரம் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்த என் தாத்தா என்ன பார்த்தார், எத்தனை இரவு தூங்காமல் இருந்தார் என்று எந்தப் பத்திரிகையில் இருக்கிறது? 1965-இல் கால்டுங், ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று பார்த்து, பெரிய நாடும் பெரிய மனிதரும் சம்பந்தப்பட்டால்தான் ஒன்று எளிதில் செய்தியாகிறது என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. இன்று லயத்துப் பிள்ளை கையிலும் கேமரா இருக்கிறது. அவன் எடுப்பது உண்மை என்று நிரூபிக்க ஆள் வேண்டாமா?

பொய் என்று நிரூபிக்கவும் ஆள் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் "இன்று காலை நம்ம சந்தையில் வெட்டுக்குத்து" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு காணொளி சுற்றியது. மூன்று நாள் சந்தைக்கு ஆள் வரவில்லை, மாமாவின் காய்கறி அழுகிக் குப்பைக்குப் போனது. புலனம் வழியாக வரும்போது எடுத்த தேதியும் இடமும் காணொளியை விட்டுக் கழன்றுவிடும், ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படம் இன்னும் கலங்கும், வண்டி எண்கூடப் படிக்க முடியாது. நான் கணினியில் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அம்மா, "காலைன்னு போட்டிருக்காங்க, சந்தை நிழல் ரோட்டுல விழுதே, அது சாயங்காலம்தானே விழும்" என்றார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கடிகாரம் பார்க்காமல் வெயிலைப் பார்த்தே நேரம் சொல்வார். அப்புறம் தேடினால், பழைய சண்டை ஒன்றின் காட்சி அது. நிழலை வைத்து நேரம் கணக்கிடுவது என் ஆய்வில் ஒரு முழு அத்தியாயம். அதைத் தொடங்கி வைத்தது அம்மா.

இதில் என்ன சம்பளம் கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் கவலைதான். எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களுக்கு: போலிக் காட்சியைச் செய்து தருவதும் அதே ஏஐதான், அதனால் விசாரிக்கும் வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

"விளையாட்டாகச் சொன்னார், பெரிசுபடுத்தாதே" என்கிறீர்கள். இருக்கலாம், அவர் கெட்டவர் இல்லை, எனக்குப் பள்ளிப்பை வாங்கித் தந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மருத்துவம், பொறியியல், சட்டம் தவிர வேறு எது படித்தாலும் நம் மண்டபங்களில் சிரிப்பு வருகிறதே, அதைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் தங்கள் ஆசையை வாயைத் திறந்து சொல்லாமல் விட்டிருப்பார்கள்? அன்று மண்டபத்தில் நான்காம் படிவப் பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு வலித்தது அதுதான். இல்லை, உண்மையைச் சொன்னால், அம்மா அன்று சாப்பிடாமலே எழுந்து வந்ததுதான் அதைவிட வலித்தது. வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாங்க. உங்கள் கைப்பேசியில் வந்ததில் எதை நம்புவது என்று தெரியாத காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு வாங்க. அம்மா தோசை சுடுவார். பசியாறிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.