அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

அமெரிக்க செனட் ஹியரிங்கில், அதாவது பதவிக்கு ஒப்புதல் தரும் முன் நடக்கும் கேள்வி விசாரணையில், கடற்படை வைஸ் அட்மிரல் கொரெல் அணு ஆயுதச் சோதனை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குவதாகக் காட்டும் அந்தத் துண்டு வீடியோவைத்தான் சொல்கிறேன். இன்பாக்ஸ் முழுக்க அதுவே கிடக்கிறது. கூடவே எல்லாரும் ஒரே வரியை எழுதியிருக்கிறீர்கள்: "அணு ஆயுதங்களுக்கே தளபதியாகப் போகிறவருக்கு ஒன்றும் தெரியலையே, இந்த ஹியரிங் எல்லாம் நாடகம்தான்."

நாடகம் இல்லை. பதவி கைக்கு வருவதற்கு முன்னால், பொதுவில், பதிவில், ஒரு மனிதரிடம் வாக்கு வாங்க அந்த நாட்டில் இருக்கிற ஒரே இடம் அது. பதவியேற்ற பிறகு அவரிடம் கேட்கலாம், கெஞ்சலாம், நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் பதில் சொல்லாவிட்டால் பதவி கிடைக்காது என்ற நிலை அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

அன்று நடந்ததை முழுசாகப் பாருங்கள். அக்டோபர் 30, 2025. தென் கொரியாவில் ஷி ஜின்பிங்கைச் சந்திக்கப் போகும் நேரத்தில் டிரம்ப் ஒரு பதிவு போடுகிறார்: மற்ற நாடுகள் சோதிப்பதால், நம் அணு ஆயுதங்களையும் அவர்களுக்குச் சமமாகச் சோதிக்கத் தொடங்கும்படி போர்த் துறைக்கு (பாதுகாப்புத் துறைக்கு அவர் வைத்த புதுப்பெயர்) உத்தரவிட்டிருக்கிறேன் என்று. சில மணி நேரத்தில், அமெரிக்க அணு ஆயுதப் படைகளை நடத்தும் ராணுவப் பிரிவான ஸ்ட்ராட்காமின் தளபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட கொரெல் செனட் ஆயுதப்படைக் குழு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வாரக்கணக்கில் தயார் செய்த கோப்பில் இந்தக் கேள்வி இருந்திருக்காது. அவர் சொன்னதன் சாரம்: சீனாவோ ரஷ்யாவோ அணுவெடிப்புச் சோதனை எதையும் நடத்தவில்லை, ஆகவே அந்த வாசகத்துக்குள் நான் எதையும் வலிந்து படிக்கவில்லை. ஏவுகணை போன்ற ஏவும் சாதனங்களைச் சோதிப்பதாகவும் அது இருக்கலாம். அதிபரின் எண்ணம் என்னவென்று எனக்குத் தெரியாது.

இதைத்தான் "திணறல்" என்கிறீர்கள். சீருடையில் இருக்கும் அதிகாரி அவர். தலைமைத் தளபதியான அதிபரை எதிர்த்துப் பொதுவில் பேசுவது எளிதில்லை. அந்த நெருக்கடியில், ரஷ்யாவும் சீனாவும் வெடிப்புச் சோதனை நடத்தவில்லை என்ற உண்மையைப் பதிவில் ஏற்றிவிட்டார். அந்த வாரம் ரஷ்யா பெருமையாக அறிவித்த புரேவெஸ்னிக், பொசைடன் இரண்டும் அணு உலையால் இயங்கும் ஆயுதங்கள். அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள், அணுகுண்டு எதையும் வெடிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அன்று அந்த அறையில் நிதானமாகச் சொன்னது அவர். முழுப் பதில் கொடுத்தார் என்று நான் வாதாடவில்லை. நழுவியும் இருக்கிறார். ஆனால் அவர் நழுவியது தெரிந்ததற்குக் காரணமே அந்த ஹியரிங்தான்.

கேமரா காட்டுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளை மாளிகை பெயரை அனுப்பியதும் சொத்து விவரப் படிவம் வரவேண்டும். எந்தப் பங்குகளை எத்தனை நாளுக்குள் விற்பேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் குழு ஆயுத ஒப்பந்த நிறுவனப் பங்குகள் விஷயத்தில் மற்ற குழுக்களைவிடக் கறாரானது. 1953-லேயே அதிபர் ஐசன்ஹோவர் கொண்டுவந்த சார்லஸ் வில்சன், சுமார் 25 லட்சம் டாலர் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளை விற்க ஒப்புக்கொண்ட பிறகுதான் பாதுகாப்பு அமைச்சராக முடிந்தது. எஃப்பிஐ பின்னணி அறிக்கை தனியாக வரும். அதைப் பெரும்பாலும் குழுத் தலைவரும் எதிர்க்கட்சி மூத்த உறுப்பினரும் மட்டும்தான் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முன்கூட்டியே அனுப்பப்படும் கொள்கைக் கேள்விகள். பக்கம் பக்கமாக இருக்கும். பதிலும் எழுத்தில்தான். ஹியரிங் நாளையொட்டி குழுவின் இணையதளத்தில் ஏறிவிடும், யாரும் படிக்கலாம். உண்மையான பரீட்சை அந்தத் தாளில் நடக்கிறது. குழுவில் 27 பேர். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் மொத்தமே 135 நிமிடம். அதில் பாதியைச் செனட்டர்கள் தங்கள் மாநிலப் பெருமை பேசியே தீர்த்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதில் எனக்கும் கோபம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், வீடியோவைப் பார்க்காதீர்கள், தாளைப் படியுங்கள்.

தொடக்கத்தில் தலைவர் ஒரே மூச்சில் வாசிக்கும் வழக்கமான கேள்விகளை எந்த க்ளிப்பிலும் வெட்டிப் போட மாட்டார்கள். நலமுரண் சட்டங்களுக்கு உட்பட்டிருக்கிறீர்களா? ஒப்புதல் கிடைத்துவிட்டது போலப் பாவித்து ஏதாவது வேலையில் இறங்கிவிட்டீர்களா? குழு கேட்கும் ஆவணங்களை உரிய நேரத்தில் தருவீர்களா? சாட்சி சொல்பவர்களைப் பழிவாங்காமல் காப்பீர்களா? அழைத்தால் வருவீர்களா? ராணுவ அதிகாரி என்றால் இன்னொன்றும் உண்டு: இந்தக் குழு கேட்கும்போது, அரசின் நிலைப்பாட்டுக்கு மாறாக இருந்தாலும், உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்வீர்களா?

சடங்குதானே என்பீர்கள். 2003 பிப்ரவரி 25. இதே குழு. ஈராக்கில் போருக்குப் பிறகு எத்தனை படை வேண்டும் என்று தரைப்படைத் தளபதி ஜெனரல் ஷின்செகியிடம் செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். பல லட்சம் பேர் தேவைப்படலாம் என்று சொன்னார் ஷின்செகி. அடுத்த இரண்டு நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் உல்ஃபோவிட்ஸ் அதை அடியோடு மறுத்தார். அந்த ஜூனில் ஷின்செகி ஓய்வு பெற்றார். பின்னால் ஈராக்கில் நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தப் பதில் இன்றும் பதிவில் நிற்கிறது. அந்த ஒரு வழக்கமான கேள்விக்கு இருக்கிற கனம் அவ்வளவு.

இனி எனக்கு உண்மையில் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

கொரெலிடம் கேட்டதே தவறான ஆளிடம். அணுகுண்டை வெடித்துச் சோதிப்பது ஸ்ட்ராட்காமின் வேலை இல்லை, பாதுகாப்புத் துறையின் வேலையே இல்லை. அது எரிசக்தித் துறைக்குள் இருக்கும் தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வேலை. குண்டுகளைச் செய்வது, பழையவற்றைப் பராமரிப்பது, நெவாடா சோதனைத் தளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2017-ல் எரிசக்தி அமைச்சராக வந்த ரிக் பெர்ரி, அந்தத் துறையையே மூட வேண்டும் என்று முன்பு சொன்னதற்காக வருந்துகிறேன் என்று தன் ஹியரிங்கில்தான் சொல்ல நேர்ந்தது. துறை என்ன செய்கிறது என்று விளக்கிச் சொன்ன பிறகு வந்த ஞானம் அது. ஹியரிங் இல்லையென்றால் அந்த வருத்தம்கூடப் பதிவாகியிருக்காது.

வெடிப்புச் சோதனை என்றால் பொத்தானை அமுக்குவதா? பாறையில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் குழி துளைக்க வேண்டும். குண்டையும் அதன் மேல் அளவீட்டுக் கருவிகளையும் கேபிள்களோடு இறக்க வேண்டும். பிறகு மணல், ஜல்லி, இடையிடையே இறுக்கமான அடைப்புகள் என்று குழியை மேல்வரை மூட வேண்டும். அடைப்பு கசிந்தாலோ, மண்ணின் ஈரத்தைத் தப்பாகக் கணித்தாலோ கதிர்வீச்சு வெளியே பீய்ச்சும். 1970 டிசம்பர் 18 அன்று பேன்பெர்ரி சோதனையில் அதுதான் நடந்தது. வெறும் 10 கிலோடன். சுமார் 270 மீட்டர் ஆழம். நிலம் பிளந்து கதிரியக்கப் புகை வானுக்கு ஏறியது, தளத்திலிருந்த 86 தொழிலாளர்கள்மேல் கதிரியக்கத் தூசி படிந்தது. அமெரிக்கா 1,054 சோதனைகள் நடத்தி, கடைசியாக 1992 செப்டம்பர் 23 அன்று நிறுத்தியது. முழு அளவீட்டுடன் மறுபடி ஒன்று நடத்த 24 முதல் 36 மாதம் பிடிக்கும் என்பது அவர்களே 1990-களிலிருந்து வைத்திருக்கும் கணக்கு. இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய நாற்காலி எது?

தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவர் நாற்காலி. அதில் இப்போது இருப்பவர் பிராண்டன் வில்லியம்ஸ். ஏப்ரல் 2025-ல் இதே குழு முன்னால் வந்தார். நெவாடா செனட்டர் ஜாக்கி ரோசன் நேரடியாகக் கேட்டார். வெடிப்புச் சோதனைக்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன், அறிவியல் தரவுகளை நம்பலாம் என்ற பொருளில் பதில் சொன்னார். தெளிவான பதில். நல்ல பதில். ஆனால் செப்டம்பர் 18 அன்று அவருக்கு ஒப்புதல் கிடைத்தது எப்படி? 48 பெயர்கள், ஒரே கட்டு, ஒரே வாக்கெடுப்பு, 51-க்கு 47. கிரீஸுக்குப் போகும் தூதரும் அணுகுண்டுத் தொழிற்சாலைகளின் தலைவரும் ஒரே மூட்டையில். அதற்கு வசதியாக அதே மாதம் விதியையே மாற்றினார்கள்.

"ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு பெயரையும் இழுத்தடித்தார்களே, வேறு என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயம், இழுத்தடித்தார்கள். 2023-ல் குடியரசுக் கட்சி செனட்டர் டூபர்வில் தனி ஆளாக 400-க்கும் மேற்பட்ட ராணுவப் பதவி உயர்வுகளைப் பத்து மாதம் நிறுத்தி வைக்கவில்லையா? மரைன் படைக்குத் தலைவர் இல்லாமல், ஜெனரல் எரிக் ஸ்மித் இரண்டு பதவியின் வேலையையும் மாதக்கணக்கில் பார்த்தார், அக்டோபரில் அவருக்கு மாரடைப்பு வந்தது. தாமதம் ஆளைக் கொல்லும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து கேள்வியை நிறுத்துவதா? தூதர்களை மூட்டையாக அனுப்புங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அணுகுண்டு செய்யும் துறையின் தலைவருக்குத் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தக்கூட நேரமில்லையா?

நேரமில்லை என்று சொல்பவர்கள்தான் 2025 ஜனவரி 14 அன்று பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஹெக்செத்துக்கே ஒரு சுற்றுதான் என்றார்கள். ஆளுக்கு 7 நிமிடம். இரண்டாம் சுற்று கேட்டபோது தலைவர் விக்கர் தரவில்லை. தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானில் உள்ள நாடுகள் எவை என்று செனட்டர் டக்வொர்த் கேட்டதற்கு ஹெக்செத் சொன்ன தென் கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா மூன்றும் ஆசியானில் இல்லை. அதுவும் வைரல் ஆனது. அதற்கும் சிரித்தீர்கள். பத்து நாளில் 50-50 என்று சமமாகி, துணை அதிபர் வான்ஸின் வாக்கால் அவர் அமைச்சரானார். 1989-ல் இதே குழுவின் முன்னாள் தலைவரான ஜான் டவரையே 53-க்கு 47 என்று நிராகரித்த செனட் இது. தன் வீட்டு ஆளையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட சபை.

அந்தக் கேள்விகளுக்கு இன்று எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? 2030-க்குள் ஆண்டுக்கு 80 'பிட்'கள், அதாவது அணுகுண்டின் மையத்தில் இருக்கும் புளூட்டோனியக் கருக்கள், செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, லாஸ் அலமோஸில் 30, சவானா ரிவரில் 50. முடியாது என்று தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகமே ஒப்புக்கொண்டுவிட்டது. அணுகுண்டு சுமக்கப்போகும் புதிய சென்டினல் ஏவுகணையின் செலவு 2024 கணக்குப்படி 81 சதவீதம் ஏறி சுமார் 14,100 கோடி டாலரானது. இவற்றை யார், எப்போது, யாரிடம் கேட்பது?

"எங்கோ அமெரிக்காவில் நடப்பதற்கு நீ ஏன் கொதிக்கிறாய்?" என்றும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நெவாடாவில் ஒன்று வெடித்தால் ரஷ்யாவின் நோவயா செம்லியாவில், சீனாவின் லோப் நூரில் அடுத்தது வெடிக்கும். 1998-க்குப் பிறகு நாம் தானாகவே கடைப்பிடிக்கும் சோதனைத் தடையையும் கைவிடச் சொல்லி இங்கேயும் குரல் எழும். நம் ஊரில் அணுசக்தித் துறைச் செயலரையோ முப்படைத் தலைமைத் தளபதியையோ நியமிக்கும் முன் நாடாளுமன்றம் ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்கும் வழக்கம் உள்ள ஊரில் அது தேய்வதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னியுங்கள்.

டிரம்ப்பின் பதிவுக்குப் பிறகு, 2025 நவம்பர் 2 அன்று எரிசக்தி அமைச்சர் கிறிஸ் ரைட், இப்போது பேசுவது அணுவெடிப்பு இல்லாத சோதனைகளைப் பற்றித்தான் என்றார். அது தொலைக்காட்சியில் சொன்னது. குழுவின் முன் சொன்னதில்லை. வில்லியம்ஸ் ஏப்ரலில் சொன்னதோ குழுவின் பதிவில் இருக்கிறது. அவரைத் திரும்ப அழைத்து, அதே நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பதிலை வாசித்துக் காட்டி, "இன்றும் இதே கருத்தா, அதிபரிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்கலாம். அழைத்தால் வருவீர்களா என்று ஏற்கெனவே அவரிடம் கேட்டு வாக்கு வாங்கியிருக்கிறார்கள்.