ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கும்

பிளேயர், கத்தி எல்லாம் ஒன்றாக மடிந்திருக்கும் மல்டிடூல் கருவியை வாங்குவது பற்றி ஒரு நண்பர், "மல்டிடூல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று மட்டும் பாருங்கள், அப்புறம் கடலில் மீன்பிடிக்கக் கொண்டுபோனாலும் துருவே பிடிக்காது, எண்ணெயும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். இது சரியல்ல. இதை நம்பி நல்ல கருவியைப் பாழாக்கிவிடாதீர்கள்.

நல்ல எவர்சில்வர் பாத்திரங்களில் இருப்பது 304 வகை ஸ்டீல்: சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் சூடாக்கிக் குளிர்வித்து அதைக் கடினமாக்க முடியாது என்பதால் கத்தி அலகுக்கு உதவாது. லெதர்மேன் நிறுவனத்தின் வேவ் பிளஸ் என்ற மல்டிடூலின் அலகு 420ஹெச்சி வகை ஸ்டீல். குரோமியம் 13% அளவுதான். கூர்மை நிற்பதற்காகக் கார்பன் அதிகம். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. உப்புநீர் பட்டால் மேலே இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் உடைந்து, உலோகம் குழிகுழியாக அரித்துப்போகும். ஈரம் தங்குகிற மடிப்பு மூட்டுகளில்தான் ஆபத்து அதிகம், அங்கே நம் கண் போவதே இல்லை.

கடலுக்குப் போய்வந்ததும் எல்லாவற்றையும் விரித்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முழுக்கக் காயவைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

வாங்கும்போது, விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா, பிளேயரின் முனைகள் இடைவெளியின்றிச் சேர்கின்றனவா என்று கையில் எடுத்துப் பாருங்கள். கம்பி வெட்டும் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. வேவ் பிளஸ்ஸில் அந்த வசதி உண்டு.