கணிப்பு சரிதான், காசு எங்கே?

கிரிப்டோ ஃபியூச்சர்ஸில், அதாவது காயினை வாங்காமல் அதன் விலைமேல் கட்டும் பந்தயத்தில், 50 மடங்கு, 100 மடங்கு லெவரேஜ் (கையில் இருக்கும் பணத்தைப் போல அத்தனை மடங்குக்கு) போட்டு ஆடும் தம்பிகளைப் பார்த்துப் 'பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேராசைக்காரன் கணக்குப் பார்ப்பான், வட்டி கேட்பான், பொறுத்திருப்பான். இவர்களை இழுப்பது அந்தச் சில நிமிடங்கள்.

சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கை இலையில், இடது கையில் போன். கைக்காசு (மார்ஜின்) பத்தாயிரம் ரூபாய், 50 மடங்கு, அதாவது ஐந்து லட்ச ரூபாய்க்கு பிட்காயின் லாங், விலை ஏறும் என்ற பந்தயம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் விலை அரை சதவீதம் ஏறியது. ஆப்பில் அந்த அரை சதவீதம் தெரியாது. பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில், +25% என்று தெரியும். "மாமா, உங்க எஃப்டி மூணு வருஷத்துல குடுக்குறது இது" என்றான். நியாயமான கிண்டல்தான். அடுத்த நிமிடம் எண் சிவப்பானது, பிசைந்த சோறு கையிலேயே நின்றது. மறுபடி பச்சை. பாயசம் ஊற்றிவிட்டுப் போனதையே அவன் கவனிக்கவில்லை.

அந்தப் பையன் சந்தோஷமாக இருந்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழு உயிரோடு இருந்தான். வேலைக்குப் போய், வீடு திரும்பி, மாதக் கடைசியில் சம்பளத்தை ஈஎம்ஐக்குக் கொடுக்கும் வாழ்க்கையில் அது வேறு எங்கே கிடைக்கிறது? இதை ஒப்புக்கொள்ளாமல் அறிவுரை சொன்னால் எவன் கேட்பான்?

சரி, இப்போது கணக்கு. ஐந்து லட்சம் பொசிஷனுக்கு (பந்தயத்தின் மொத்தத் தொகைக்கு) கட்டணம் 0.05 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்கத் தூசு மாதிரி இருக்கும். ஆனால் அது பத்தாயிரத்துக்கு இல்லை, ஐந்து லட்சத்துக்கு. உள்ளே போக 250, வெளியே வர 250. விலை அசையாமல் நின்றாலே போட்ட பணத்தில் 5 சதவீதம் போய்விட்டது. பெரும்பாலான தளங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் என்று ஒன்று உண்டு. சந்தை முழுக்க லாங் பக்கம் சாய்ந்திருந்தால் லாங் வைத்திருப்பவர், விலை இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அது 0.01 சதவீதம் என்றாலும் ஐந்து லட்சத்துக்கு 50 ரூபாய், ஒரு நாளைக்கு 150. சந்தை சூடானால் இன்னும் ஏறும்.

அப்புறம் லிக்விடேஷன். 50 மடங்கில் விலை 2 சதவீதம் எதிர்த்திசையில் போனால் மார்ஜின் மொத்தமும் காலி. தளம் அதுவரைகூடக் காத்திருக்காது. மிச்சப் பணம் மெயின்டெனன்ஸ் மார்ஜினுக்கு, அதாவது கட்டாயம் இருக்க வேண்டிய குறைந்தபட்சத்துக்கு, கீழே போகிறது என்றால் ஒன்றரை சதவீதத்திலேயே பொசிஷனைப் பிடுங்கி விற்றுவிடும். பிட்காயினுக்கு ஒன்றரை சதவீதம் என்பது ஒரு டீ குடிக்கும் நேரம். மீட்டர் வட்டிக்காரர்கூட வாசலில் நின்று நாலு வார்த்தை கத்துவார், காலைப் பிடித்தால் ஒரு வாரம் தவணை விடுவார். இங்கே கெஞ்சுவதற்கு ஆளே கிடையாது. கிராஸ் மார்ஜினில் வைத்திருந்தால் அந்த வாலட்டில் மார்ஜினாகக் கிடக்கும் மிச்சப் பணத்தையும் அது தொடும்.

இதனால்தான் லெவரேஜில் கணிப்பு சரியாக இருப்பது போதாது. 2025 மே மாதம் ஜேம்ஸ் வின் என்ற பெயரில் ஒருவர் ஹைப்பர்லிக்விட் தளத்தில் 40 மடங்கில் பிட்காயின் லாங் வைத்திருந்தார். பொசிஷனின் மதிப்பு ஒரு கட்டத்தில் 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்தத் தளத்தில் யார் என்ன வைத்திருக்கிறார், எந்த விலையில் லிக்விடேட் ஆவார் என்பது எல்லாருக்கும் தெரியும். உலகமே வேடிக்கை பார்த்தது. மாதக் கடைசியில் பிட்காயின் 1,05,000 டாலருக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் போயிற்று. ஜூலையில் பிட்காயின் 1,20,000ஐத் தாண்டியது. ஏறும் என்று அவர் சொன்னது சரி. சாதாரணமாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவனுக்கு அந்த மே மாதச் சரிவு நினைவில்கூட இருக்காது. அவருக்கு அதோடு ஆட்டம் முடிந்தது. முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, சில நாளிலேயே இன்னொரு பெரிய லாங்கோடு வந்து நின்றார்.

அதே ஆண்டு அக்டோபர் 10. சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தார். நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு மேல், ஊர் தூங்கும் நேரம். முந்தைய நாள் 1,20,000 டாலருக்கு மேல் இருந்த பிட்காயின் 1,05,000க்கு வந்தது. சின்னக் காயின்கள் சில நிமிடங்களில் பாதிக்கும் மேல் விழுந்தன. ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின, 16 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகள். ஒருவரின் லாங்கைத் தளம் விற்க, அந்த விற்பனையால் விலை இன்னும் இறங்க, அடுத்தவரின் லிக்விடேஷன் விலை வர, அதையும் விற்க என்று சங்கிலியாகப் போனது.

அன்று எனக்கு அதிகம் உறைத்தது ஏடிஎல் (ஆட்டோ டீலெவரேஜிங்) விவகாரம். லாங் பக்கத்து நட்டத்தை ஏற்க ஆளில்லாதபோது, லாபத்தில் இருக்கும் ஷார்ட்களைத் தளமே வலுக்கட்டாயமாக மூடிவிடும். விதிமுறையில் எழுதியிருப்பதுதான், யார் படிக்கிறார்கள்? ஒரு காயினில் லாங், இன்னொன்றில் ஷார்ட் என்று பாதுகாப்பாக வைத்திருந்தவர்களின் ஷார்ட் மட்டும் மூடப்பட்டு, லாங் தனியாக நின்று அடிவாங்கியது. ஜாக்கிரதையாக இருந்ததற்கு அதுதான் பரிசு.

நட்டம் வந்தால் பாடம் கற்பான் என்று வீட்டில் பெரியவர்கள் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை நேர்மாறு. அடி வாங்கியவன் அன்று இரவே விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்காகப் போடுகிறான். அதைவிட மோசம் ஜெயித்தவன். ஒரு ராத்திரியில் அரை மாதச் சம்பளம் பார்த்தவனுக்கு அடுத்த ஒன்றாம் தேதி பேங்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ் சப்பென்று இருக்கும். முதல் நட்டத்தைவிட முதல் லாபத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பது என் கட்சி.

காலாவதித் தேதி இல்லாத ஃபியூச்சர்ஸ் என்ற யோசனையை 1993இல் எழுதியவர் ராபர்ட் ஷில்லர், பின்னால் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர். வீட்டு விலை போல எளிதில் வாங்கி விற்க முடியாதவற்றின் அபாயத்தைச் சமாளிக்க அது உதவும் என்று நினைத்தார். 2016இல் பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ தளம் அதை பிட்காயினுக்குக் கொண்டுவந்து 100 மடங்கு லெவரேஜைச் சேர்த்தது. இன்று கிரிப்டோவில் பெர்ப் (பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ்) என்றால் அதுதான். பிரிட்டன் 2021 ஜனவரியில் சாதாரண மக்களுக்கு ஃபியூச்சர்ஸ் போன்ற கிரிப்டோ டெரிவேட்டிவ் விற்பதையே தடை செய்தது. ஜப்பானில் 2 மடங்குதான் உச்சவரம்பு.

நம் நாட்டில் நடப்பது வேடிக்கை. கிரிப்டோவை நேரடியாக வாங்கி விற்றால் லாபத்தில் 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் வேறு. ஃபியூச்சர்ஸில் அந்த டிடிஎஸ் இல்லை என்பதையே சில தளங்கள் விளம்பரமாகப் போடுகின்றன. வாங்கி வைப்பவனுக்குக் குட்டு, 50 மடங்கில் குதிப்பவனுக்குத் திறந்த கதவு. செபியின் கண்ணில் இருக்கும் பங்குச் சந்தை எஃப் அண்டு ஓவிலேயே (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்கள் நட்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. இங்கே அப்படி எண்ணிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

டெலிகிராம் குரூப்பில் தினமும் +300% ஸ்கிரீன்ஷாட் போடும் குருநாதர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள் என்றும் பாருங்கள். அவர்களின் ரெஃபரல் லிங்க்கில் நீங்கள் சேர்ந்திருந்தால், நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் வரும். லெவரேஜ் கூடினால் பொசிஷன் பெரிதாகும், பொசிஷன் பெரிதானால் கட்டணம் கூடும். "ஹை லெவரேஜ் சிக்னல்" ஏன் ஓசியில் கிடைக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். இந்தப் பதிவின் கீழே எவராவது ரெஃபரல் லிங்க்கோடு வந்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேரே பிளாக்தான்.