அட்வான்ஸ் பணத்தில் கிரானைட் போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ரிட்டயர்டு ஆகி வந்த பணத்தில் மாடி எடுத்திருக்கிறார், வாடகைக்கு விட வேண்டுமாம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசம் அட்வான்ஸ் வாங்கலாம்?" அந்தப் பணத்தில் மாடிப்படிக்குக் கிரானைட் போடுவதாகத் திட்டம். முக்கால் மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டினேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வீடு, இரண்டு போர்ஷன் என்று வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உதவலாம்.

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில். கீழே நாங்கள், மேலே இரண்டு போர்ஷன். அப்பா கட்டியது. அவர் காலத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். அப்பா கையில் அந்தப் பணம் தங்கியதே இல்லை. ஒருமுறை அக்கா கல்யாணத்துக்குப் போனது, இன்னொருமுறை போர் போட. யாராவது வந்து "சார், காலி பண்றோம்" என்றால் அவர் முகம் வெளிறிவிடும். "அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்பார். அடுத்த பார்ட்டி வர இரண்டு மாதம் ஆனால்? மேல் வீட்டில் ஏழு வருஷம் இருந்த ஒருவர், காலி செய்த பிறகு வாரா வாரம் வந்து எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவரும் புது வீட்டுக்குப் பத்து மாதம் கட்டியாக வேண்டும், பாவம். அம்மா காபி போட்டுத் தருவாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவரும் அப்பாவும் கிரிக்கெட் பேசுவார்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்த டம்ளரை நீட்டும்போது கூசிய கூச்சம் இன்னும் மறக்கவில்லை.

வீடு என் கைக்கு வந்ததும் முதலில் செய்தது, அட்வான்ஸுக்கென்று தனி வங்கிக் கணக்கு. அதன் ஏடிஎம் கார்டு பீரோவில்தான் இருக்கும். அது குடியிருப்பவருடைய பணம், நான் காவல்காரன். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் வாடகை வீட்டுச் சண்டைகளில் பாதி கிளம்பவே கிளம்பாது என்பது என் அனுபவம். பணம் திரும்பி வராது என்ற பயத்தில்தான் கடைசி ஐந்தாறு மாதம் வாடகை தராமல் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது நான் வாங்குவது மூன்று மாதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த "வேறுவிதமாக" என்ற சந்துக்குள் புகுந்துதான் பலர் இன்னமும் ஆறு, பத்து என்று கேட்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஒத்தி என்று ஒன்று உண்டு. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பது. என் சித்தப்பா ஐந்து லட்சத்துக்கு விட்டார். பணம் பையனின் காலேஜ் ஃபீஸுக்குப் போயிற்று. கெடு முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, திருப்பித் தரப் பணமில்லை. ஒத்திக்கு வந்தவர்கள் அங்கேயே ஜாம்ஜாம் என்று இருக்கிறார்கள், சித்தப்பா வாடகை வீட்டில் இருக்கிறார்.

சரி, ஒப்பந்தம். ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் போட்டுத் தரும் பதினோரு மாத ஒப்பந்தத்தோடு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டிய குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. புதிய சட்டப்படி பதினோரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. நாளைக்கே இரண்டு மாத வாடகை பாக்கி என்று காலி செய்யச் சொல்லி மனு போடுகிற நிலை வந்தால், கையில் இருக்கப்போவது அந்த எண்தான். அப்புறம், மாதிரிப் படிவத்தில் இல்லாததை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். 2019 கோடையில் எங்கள் போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்தப் பணம் யார் தலையில்? ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. நான் மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்றேன். "தண்ணி இருக்குன்னு சொல்லித்தானே வீடு கொடுத்தீங்க?" என்று மேல் வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, பதில் இல்லை. அந்த வருஷம் முழுக்க நானே கட்டினேன். இப்போது தண்ணீர் லாரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், மாடிப்படி விளக்கின் கரண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கிறது.

கரண்ட் என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி, கட்டணப் பட்டியலே வேறாகிவிடும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூட்டி வசூலிக்கிற ஹவுஸ் ஓனர்களை எனக்குத் தெரியும். அந்தச் சில நூறு ரூபாய்க்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்பவரிடம் வசவு வாங்க வேண்டுமா? சண்டை வந்தால் மோட்டாரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது என்று சிலர் இறங்குகிறார்கள். எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது சட்டவிரோதம். உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் அதோடு போச்சு. "என் வீடு" என்று நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவதும் கூடாது. உள்ளே போய்ப் பார்க்க 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும்?

வாடகையை ஏற்றுவது பற்றி எனக்குக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம் உண்டு. வருஷா வருஷம் ஐந்து சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறோம். பதினாலாயிரம் வாடகையில் எழுநூறு ஏற்றினால் வருஷத்துக்கு எட்டாயிரத்து நானூறு. அது கட்டுப்படியாகாமல் நல்ல குடும்பம் ஒன்று கிளம்பினால், வீடு இரண்டு மாதம் காலி, அதுவே இருபத்தெட்டாயிரம். பெயிண்ட் தனி, புரோக்கர் தனி. ஆனி கடைசியில் காலி செய்தார்களோ தொலைந்தது, ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி வரை டு-லெட் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்கள் பின் போர்ஷனில் இருப்பவர்களுக்கு மூன்று வருஷமாக நான் ஏற்றவில்லை. ஒன்றாம் தேதி பணம் வந்துவிடும், குழாய் ஒழுகினால் அவரே வாஷர் மாற்றிவிடுவார். எனக்கு இது லாபக் கணக்குதான்.

யாருக்கு விடுவது? அம்மா இருந்தவரை "சைவம் மட்டும், ஃபேமிலி மட்டும்" என்று போர்டிலேயே எழுதியிருந்தோம். உணவை வைத்து, சாதியை வைத்து, மதத்தை வைத்து வடிகட்டியதைத்தான் கௌரவமாக அப்படி எழுதினோம். மறைப்பானேன். அப்படி வடிகட்டி வந்த ஒரு குடும்பம்தான் ஐந்து மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டுப் போனது. நான் பார்த்ததிலேயே ஒழுங்கான குடித்தனக்காரர்கள், ஒரு கம்பெனியில் வேலை பார்த்த நான்கு பேச்சிலர் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வாசம் வரும், அவ்வளவுதான். இப்போது நான் கேட்பது வேலை விவரம், ஆதார் நகல், முந்தைய ஹவுஸ் ஓனரின் போன் நம்பர். அந்த நம்பருக்குக் கட்டாயம் பேசுங்கள். காவல் நிலையத்திலும் விவரம் கொடுத்துவிடுங்கள்.

பான் நம்பர் தரப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்க உங்கள் பான் தேவை. கொடுங்கள். வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமலேயே கழித்துக்கொள்ளலாம். பிறகும் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 2025-26 நிதியாண்டிலிருந்து வரியே வராது. இதற்கா ரொக்கமாகக் கொடு என்று அடம்பிடிப்பது?

சாவி கொடுக்கும் நாளில், அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் எத்தனை, கீசர் ஓடுகிறதா, மீட்டர் ரீடிங் என்ன, சுவரில் ஏற்கெனவே எத்தனை ஆணி எல்லாம் அதில் இருக்கட்டும். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஐந்து வருஷம் ஒருவர் இருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அது என் செலவு. உடைத்த வாஷ்பேசின் அவர் செலவு.

முன் போர்ஷனில் இருப்பவர்கள் சொந்த ஃபிளாட் வாங்கிவிட்டார்கள், தை பிறந்ததும் கிளம்புகிறார்கள். நாற்பத்திரண்டாயிரமும் அந்தக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. சாமான் ஏற்றும் அன்றைக்கே கொடுத்துவிடுவேன். யாருக்காவது வீடு வேண்டுமானால் இன்பாக்ஸில் கேளுங்கள், மீன் குழம்புக்கு ஆட்சேபணை இல்லை.