ஆல்-நைட்டர்: முழு இரவா, பாதி இரவா?

‘புல் அன் ஆல்-நைட்டர்’ (pull an all-nighter) என்ற அமெரிக்க ஸ்லாங்குக்கு, அதாவது பேச்சுவழக்குத் தொடருக்கு, இரவு 12 மணி வரை கண்விழித்துப் படிப்பது என்று ஒருவர் பொருள் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் இருக்கிறார்கள். இது சரியில்லை.

அமெரிக்க மாணவர் இப்படிச் சொன்னால், விடியும் வரை தூங்கவே இல்லை என்று பொருள். 2 மணிக்குப் படுத்துவிட்டால் அது ஆல்-நைட்டர் ஆகாது, வெறும் தாமதத் தூக்கம்தான். (தேர்வு வாரத்தில் அங்கே பல கல்லூரிகள் நூலகத்தை 24 மணி நேரமும் திறந்து வைப்பது இவர்களுக்காகத்தான்.) படிப்புக்கு மட்டுமே உரிய சொல்லும் இல்லை. 2007 ஜூலையில் ஈராக் போர் குறித்து அமெரிக்க செனட் விடிய விடிய விவாதித்தபோது பத்திரிகைகள் இதே சொல்லைத்தான் போட்டன.

நள்ளிரவு வரை படிப்பதைச் சொல்ல ‘பர்னிங் தி மிட்நைட் ஆயில்’ இருக்கிறது. ஆனால் அது ஸ்லாங் அல்ல, பழைய மரபுத்தொடர்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மெரியம்-வெப்ஸ்டர், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் ‘all-nighter’ என்று தேடுங்கள், இரண்டிலும் முழு இரவு என்றே இருக்கும்.