சுங்கை சிப்புட்டில் இன்னும் பார்க்கிறார்கள்
"கைப்பேசி வந்தபின் ரயில் நிலையத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை" என்று ஒருவர் எழுதிய வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு அது பொருந்தலாம், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பொருந்தாது. 2015இல் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் வடக்கே தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை நீண்டது, எங்கள் ஊரிலும் நிற்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் வந்து பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் பையோடு வரும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து, "எந்தத் தோட்டம்யா? யாரு பேரன் நீ?" என்று கேட்டுவிடுவார்கள். தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்தை இடித்து, சனமெல்லாம் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குப் போன பிறகும் அதே கேள்விதான். இன்னொருவர் இதை வம்பு என்று எழுதியிருக்கிறார். வம்பே இல்லை. மகனுக்காக வெகுநேரம் தனியே காத்திருந்த ஓர் அம்மாவிடம் இப்படித்தான் பேச்சுக் கொடுத்தார்கள். அவர் இன்னும் பசியாறவில்லை என்று தெரிந்ததும், முன்பின் அறியாத ஒருவர் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கிவந்து கொடுத்தார்.